இல்லை, வேண்டாம், கூடாது

1988 செப். 19, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்த உடுப்பு மூன்றாவது நாளாகக் காயவில்லை. விரியில் இருக்கும் பக்டரிக்குப் போகிற பஸ் பிந்தி வந்தது. சுப்பர்வைசரின் முகம் இன்றைய வானம்.

பெட்டி அடுக்கும் மேசையில் எலேனா ஒரு உதவி கேட்டாள். சிலி நாட்டுக்காரி, தெற்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு உடைசல், அதனால் கூச்சமில்லாமல் கதைக்கிறோம். அங்கே பதினைந்து வருடமாக ஒரு ஜெனரலின் ஆட்சி. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. அவர் இன்னும் எட்டு வருடம் இருக்கலாமா, ஆம் அல்லது 'நோ'. 'நோ' வென்றால்தான் ஊருக்குத் திரும்புவேன் என்று இருக்கிறாள்.

அவளுடைய அக்கா அந்த ஊர் சோசலிஸ்ட் கட்சிக் கிளையின் செயலாளர். கிளைக் கட்டடத்தில் தொங்கவிட எலேனா ஒரு நீளத் துணி தயாரிக்கிறாள். இங்கே ஓக்லாந்தில் கதைக்கிற எல்லா மொழியிலும் 'நோ'. மாவோரி, சமோவன், தொங்கன் எழுதியாயிற்று. தமிழுக்கு ஒரு முழம் விட்டிருக்கிறாளாம். ஞாயிறு நியூ லின் மண்டபத்தில் முடித்து, திங்கள் விமானம் ஏறும் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு சொல்தானே. நான் எழுதுகிறேன் என்றேன். வீட்டில் வந்து இவரிடம் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை.

செப். 21, புதன்

இவர் மாஸ்டரிடம் சொல்ல, மாஸ்டர் அவசரக் கூட்டம் வைத்துவிட்டார். எங்கள் லின்ஃபீல்ட் வீட்டு முன்னறையில், முற்போக்கு வாசகர் வட்டம். மொத்த அங்கத்தவர் மூன்று பேர்: யாழ்ப்பாணத்தில் இடதுசாரி மேடைகளில் முழங்கிய மாஸ்டர், என் மனிசன், மதுரைக்காரர் சுந்தரம். நானும் ஊரில் ஆசிரியர் சங்கத்தில் ஆறு வருடம் இருந்தவள். இங்கே கட்லட் பொரிக்கிறேன்.

குசினிக்குக் கேட்டவை:

'இல்லை'. மாஸ்டர்: "என்ன இல்லை? அரிசி இல்லையோ, சீனி இல்லையோ?"

'வேண்டாம்'. மாஸ்டர்: "அது பந்தியில சொல்லுறது. போதும், வேண்டாம்."

'கூடாது'. இவர்: "துப்பக் கூடாது எண்டு சுவரில போட் மாட்டின மாதிரி."

'மாட்டோம்'. மாஸ்டர்: "என்ன மாட்டம்? வாக்குப் போட மாட்டமோ? பகிஷ்கரிப்பு எண்டெல்லோ நினைப்பாங்கள்!"

சுந்தரம்: "பேசாம 'கிடையாது'ன்னு போட்டுருங்களேன் தோழர்." இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வை, பாவம். நல்ல மனிசன், கட்லட் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர் அவர் மட்டும்.

பிறகு, சர்வாதிகாரி நடத்துகிற வாக்கெடுப்பில் பங்குபற்றுவதே சரியா என்று தொடங்கி ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இடையில் நான் வாய் திறக்க, மாஸ்டர், "தங்கச்சி, தேத்தண்ணி இன்னொருக்கா." விசர் வந்தது.

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஜஸ்ட் ரைட் 'நோ', அம்மா. சும்மா எழுதுங்கோ."

செப். 23, வெள்ளி

வெயில், கடைசியில். உடுப்பு காய்ந்தது. மகளின் சப்பாத்து ஓட்டை, சனி பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம் எலேனா, "உன் சொல் எங்கே?" என்றாள். குழு யோசிக்கிறது என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. அவளுடைய கட்சியும் அப்படித்தானாம். சுவரொட்டி எல்லாம் தலைநகரத்தில் இருந்துதான் வரும், தெற்கத்தியார் ஒட்ட மட்டும் வேண்டும். சுரங்கத்தில் செத்தவர்களைப் பற்றி ஒரு வரி சேர்க்க அக்காவின் கிளை கேட்டதாம். மேலிடம் சம்மதிக்கவில்லை. சந்தோசமான சொல் மட்டும் போடச் சொல்லி அங்கிருந்து ஓர் ஆளையும் அனுப்பினார்களாம்.

"நாங்கள் ஜெனரலுக்கு எதிராகத்தான் நிற்கிறோம், ஆனால் நாளெல்லாம் எங்கள் ஆட்களோடுதான் சண்டை" என்றாள். பிறகு சிரிக்கவில்லை. தமிழ் இடம் வெறுமையாகப் போனால் அக்கா அந்த வெள்ளையைத்தான் முதலில் பார்ப்பாளாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன்.

செப். 24, சனி

சப்பாத்து வாங்கியாயிற்று. இரண்டாம் கூட்டம். 'நிராகரிக்கின்றோம்' என்பதில் மாஸ்டர் உறுதி. ஒரு முழத்துக்குள் அடங்காது என்று சுந்தரம் அளந்தே காட்டினார். 'நிராகரி' என்று வெட்டலாமா என்றதற்கு, அது கட்டளை, மக்களுக்குக் கட்டளையிட நாங்கள் யார் என்று மாஸ்டர்.

தீர்மானம், ஏகமனதாக: ஒருமித்த சொல் கிடைக்கும் வரை தமிழ் இடத்தை வெறுமையாக விடுவது. காரணத்தை மாஸ்டர் நாளைக்கு நியூ லின் மண்டப மேடையில் விளக்குவார். நான் எலேனாவிடம் அறிவிக்க வேண்டுமாம்.

கோதாரி பிடித்த வட்டம். இரண்டு நாள், ஐம்பது கட்லட், ஒரு சொல் இல்லை. தலையிடி. படுக்கப் போகிறேன்.

செப். 25, ஞாயிறு

மழைத் தூறல். நியூ லின் மண்டபம். இரண்டு பிங்பொங் மேசையை ஒட்டி, அதன்மேல் துணி. அழகாகத்தான் இருந்தது. நடுவில் எங்கள் முழம், எலேனா பென்சிலால் கோடு கீறி வைத்திருந்தாள். மாஸ்டர் கழுத்தில் ரை கட்டி, கையில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

எலேனா சிவப்பு மையையும் தூரிகையையும் என் கையில் தந்தாள். இவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"வையும் அதை. வட்டத்தின்ர தீர்மானம். மாஸ்டர் விளக்கம் சொல்லுவார், நீர் பேசாமல் நில்லும்."

"ஏலாது."

இவ்வளவு சத்தமாக வருமென்று எனக்கே தெரியாது. கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"என்னப்பா இது, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். ஏலாதெண்டா ஏலாது."

"தங்கச்சி, அது பேச்சுவழக்கு..." என்று மாஸ்டர் தொடங்கினார். சுந்தரம் அவருடைய கையைப் பிடித்து மெல்ல அமத்தினார்.

எலேனாவுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், இவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அதுதானே அந்தச் சொல்?" என்றாள்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

எழுதினேன். மூன்றே எழுத்து. முழத்தில் இடம் மிச்சம்.