பச்சை வயர்

பழங்காநத்தம்,
பிப்ரவரி 19

அன்புள்ள சூர்யா அண்ணனுக்கு,

பத்ரி எழுதுவது. மஸ்கட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்ட கேள்விக்குக் காகிதத்தில் பதில் வருகிறதே என்று எரிச்சல்படாதீர்கள். வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் நீங்கள் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். கூரியரில் போட்டுவிட்டால் அழிக்க முடியாது. அதற்காகத்தான் இது.

முதலில் சவுண்ட் மிக்ஸர். நீங்கள் அனுப்பிய மூன்றையும் பார்த்தேன். மூன்றும் வேண்டாம்.

முதலாவது இருபத்து நான்கு சேனல். வில்லாபுரத்துத் தையல் பயிற்சி நிலைய மாடியில் நிகழ்ச்சிக்குப் போடுவது அறுபது நாற்காலி. பாட்டுக்கு இரண்டு மைக், ஒரு கிதார், ஒரு கீபோர்டு, ஒரு தபேலா. எட்டு இடம் போதும். இரண்டாவது, டேப்லெட்டில் விரலால் தள்ளுகிற வகை. கூட்டம் முழுக்க போனை நோண்டிக்கொண்டிருக்கும்போது வைஃபை அறுந்தால், பாடகர் வாய் அசைவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கையில் பிடித்துத் திருகுகிற குமிழ் இருக்க வேண்டும். மூன்றாவது சுத்த ஏமாற்று. பெட்டியில் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறான், மைக் சொருகுகிற ஓட்டை நான்குதான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நீங்கள் ஏன் இவ்வளவு பெரியதாகத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "போன வருஷம் நான் கொஞ்சம் கூட அனுப்பிச்சிருந்தா நல்ல மிக்ஸரா வாங்கியிருப்பீங்க, என் தம்பி கிரீஷ் இருந்திருப்பான்" என்று அன்றைக்குச் சொன்னீர்கள். நான் பதில் பேசாமல் இருந்தேன். சிக்னல் சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பழைய மிக்ஸரில் ஒரு குறையும் இல்லை அண்ணே. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு ஒவ்வொரு சேனலாகச் சோதித்தேன். கிரீஷின் முதல் வருட நினைவு நாளுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். வாங்க வேண்டியது வேறு ஒரு சாமான். டி.ஐ. பாக்ஸ் என்று பெயர். கைக்குள் அடங்குகிற இரும்பு டப்பா. கிதார்ச் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பையும் மிக்ஸரையும் கேபிள் போட்டு இணைத்தால் சில இடங்களில் 'உம்ம்' என்று ஓர் உறுமல் வரும். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு வழியில் இறங்குவதால் வருவது. இந்த டப்பாவை நடுவில் போட்டால் எர்த்தில் கை வைக்காமலே உறுமல் நின்றுவிடும்.

போன வருடப் பட்டியலில் அது இருந்தது. அதை அடித்து நீக்கியது நான். எட்டு சேனலுக்குப் பதில் பன்னிரண்டு சேனல் வாங்குவோம், டப்பாவை அப்புறம் பார்க்கலாம் என்றேன். கூடுதலாக வாங்கிய அந்த நான்கு சேனலில் இன்றுவரை ஒரு வயர்கூடச் சொருகவில்லை.

உங்கள் அம்மா நன்றாக இருக்கிறார்கள். முழங்கால் வலிக்குப் புதுத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருவேன் என்று சனிக்கிழமையே எனக்கும் சேர்த்து மாவாட்டி வைத்துவிடுகிறார்கள். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை.

சோலை அண்ணனை உங்களுக்கு நேரில் தெரியாது. அந்தத் தையல் நிலையக் கட்டடத்துக்கு வயரிங் செய்தவர். பரவைக்காரர். கட்டடத்து எர்த் வேலை செய்யாததால் நடந்த சாவு என்று அவர் மேல் கேஸ் போட்டார்கள் அல்லவா, அவர்தான். "எர்த் குழிக்கு வாரா வாரம் நாந்தான் தண்ணி ஊத்துறேன் சார்" என்று அதிகாரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து பார்த்தார்கள், அதில் மூன்று வயரும் ஒழுங்காக இருந்தன. அப்படியானால் தப்பு சுவருக்குள்தான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் போய்விட்டது. இப்போது பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறார். மார்ச் 3 அன்று வாய்தா.

இனி சுற்றி வளைக்கவில்லை.

போன வருடம் கச்சேரி அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தபோது உறுமல் வந்தது. கிரீஷ் கிதாரை மாட்டிக்கொண்டு, "டேய் மாப்ள, எனக்கு முன்னாடி ஒன் வண்டு பாடுது. அதுக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்கலாம்ல" என்றான். ஆட்கள் படியேறத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பொறுமை இல்லை. ஆம்ப்பின் பிளக்கில் பச்சை எர்த் வயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்றேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சோலை அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, பச்சைய மட்டும் தொடாதீக. சத்தந்தானே, கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். நான்கு வருடம் இதைத்தான் படித்தேன் அண்ணே என்று அவரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, கழற்றவில்லை என்றேன். அவர் டீ குடிக்கக் கீழே போனார். நான் கழற்றினேன்.

உறுமல் சட்டென்று நின்றது. கிரீஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஆறு மணி பத்து நிமிடம். இடது கை கிதார்க் கம்பியில். வலது கையால் மைக்கைக் கிட்டே இழுத்தான். ஆம்ப்புக்குள் கரண்ட் கசிந்து கம்பிவரை வந்திருக்கிறது. பச்சை வயர் இருந்திருந்தால் அது தரைக்கு இறங்கியிருக்கும், சுவிட்ச் தானாக விழுந்திருக்கும், விளக்கு அணைந்து எல்லோரும் 'ஓ' என்று கத்தியிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் கழற்றிவிட்டதால் அது அவன் நெஞ்சு வழியாகப் போனது.

இதுவரைக்கும் முட்டாள்தனம் என்று சொல்லலாம். அடுத்தது அப்படி இல்லை. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பிளக்கைத் திறந்து பச்சை வயரை மறுபடி மாட்டி, திருகை இறுக்கினேன். ஒரு திருகுகூடக் கீழே விழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஏன் வண்டியில் ஏறவில்லை என்று அம்மா கேட்டபோது 108-க்குப் பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். பேசியது கீபோர்டு வாசிக்கிற ஸ்ரீஜா.

போன வாரம் பரவை மார்க்கெட் வழியாகப் போனேன். சோலை அண்ணன் கூப்பிட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். தோளில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். "தம்பி, நீங்க அன்னைக்கி அதக் கழட்டுனீகளா இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க. நான் யார்ட்டயும் போயிச் சொல்ல மாட்டேன். எங்கயாச்சும் நாந்தான் தப்பா மாட்டிட்டனோன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எம்புட்டு வீட்டுக்கு வயரு இழுத்திருக்கேன், அம்புட்டு வீட்டுலயும் புள்ளைக இருக்கே" என்றார்.

நான் இல்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மூட்டை தூக்கப் போனார். என்னை நம்பிவிட்டார் அண்ணே. தன் வேலையை நம்பவில்லை.

நாளைக் காலை பரவைக்குப் போகிறேன். அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். பிறகு 25-ஆம் தேதி, இதே கடிதத்தின் இன்னொரு பிரதியோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன். இரண்டும் என் கையால் எழுதியவை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடையில் ஐந்து நாள் விட்டது உங்களுக்காக. அதற்குள் இது உங்களிடம் வந்துவிடும். அம்மாவுக்குப் போலீஸ்காரர் சொல்லித் தெரியக்கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். போன ஞாயிறு நானே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாயைத் திறந்தேன். பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தோசையைத் தட்டில் போட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய தொகையில் குறை எதுவும் இல்லை. அதை இனி நினைக்காதீர்கள்.

நினைவு நாளை நடத்துங்கள். மிக்ஸரில் யார் உட்கார்ந்தாலும் சரி, வயரிங்கைச் சோலை அண்ணன் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு மைக்கைத் தொடச் சொல்லுங்கள். உறுமல் கேட்டால் கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் பேசும்போது ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள் அண்ணே. இந்தச் சனிக்கிழமையிலிருந்து மாவு ஒரு ஆளுக்கு ஆட்டினால் போதும்.

இப்படிக்கு,
பத்ரி