நாற்பத்திரண்டாம் நம்பர் கால்

9.2.1998
கம்பெனி மொபெட் கொடுத்து இன்றோடு ஒரு வருஷம். பெர்சிஸ் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "நாலு தெரு தள்ளி சர்ச்சு, அதுக்கும் வண்டியா? வயித்தப் பாருங்க." இருபது வருஷம், போக மூணு கிலோமீட்டர், வர மூணு, நடந்தேதான் வேலைக்குப் போனேன். போதாதா? நர்ஸைக் கட்டினால் வீடும் வார்டுதான்.

3.4.1998
ஜெர்மனி ஆர்டருக்குப் புது மாடல். சாம்பிள் ஷூவைப் போட்டு நடந்து பார்ப்பது என் வேலை. அச்சு அசல் நாற்பத்திரண்டாம் நம்பர் கால், கம்பெனியிலேயே எனக்குத்தான். நான் கடிக்கிறது என்றால் கடிக்கிறது. இன்றைக்கு வலது பெருவிரல் பக்கம் இறுக்கம்.

ஷூ தைக்கிற கால் வடிவ மர அச்சைச் செதுக்குவது சர்தார் பாஷா. டேப்பை ரெண்டு தடவை வைத்துப் பார்த்தார். "ரெண்டு அச்சும் ஒரே அளவுதான் கீது டைட்டஸ். ஒரு கால்ல மட்டும் எப்படிக் கடிக்கும்? உன் கால் இன்னா, வீங்கிப்போச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்க டேப்பை விட என் கால் கரெக்ட் பாய் என்றேன். அவர் டேப்பைச் சுருட்டினார். ரெண்டு அச்சிலும் முன்பக்கம் தோல் ஒட்டி அகலமாக்கிக் கொடுத்தார். அதில் தைத்து வந்த புது சாம்பிளைப் போட்டு நடந்தேன், ஓகே சொன்னேன்.

20.4.1998
நேற்று கல்யாண பிரியாணி. மூணு தடவை வாங்கினேன். காலையில் எழுந்தால் வலது பெருவிரல் செவசெவ என்று வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது.

21.4.1998
ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஜாஸ்தி. கவுட் என்கிற மூட்டுவாதமாம். டாக்டர் சொன்னார்: "ரொம்ப நாளா சேர்ந்திருக்கும். நடையை விட்டீங்க, எடை ஏறிடுச்சு, கறியைக் குறைக்கல." பெர்சிஸ் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

அப்போ அன்னிக்குக் கடிச்சது ஷூ இல்ல. என் விரல்.

நாளைக்குத்தான் தோல் வெட்ட ஆரம்பிக்கிறார்கள். போய்ச் சொன்னால் போதும், பழைய அச்சுக்கே மாற்றிவிடலாம்.

22.4.1998
சொல்லவில்லை.

23.4.1998
எப்படிச் சொல்றது? கால் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அங்க எனக்கு இன்னா வேலை? பத்தாவது ஃபெயில். கால்தான் எனக்குச் சர்டிபிகேட்.

28.8.1998
சரக்கு மொத்தமும் திரும்பிவிட்டது. முன்பக்கம் லூஸாம். மேனேஜர் இஷ்தியாக் அகமது ரெண்டு பேரையும் கூப்பிட்டார். யார் அகலமாக்கினது?

"நான்தான் சார். டைட்டஸ் இறுக்கம்னான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கம்னுதான் சொன்னேன் சார், இவ்ளோ பெருசாக்கச் சொல்லல என்றேன். ஓகே சொன்னதும் நான்தான் என்று சொல்லவில்லை. பாயும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

த்தூ. நானெல்லாம் ஒரு மனுஷனா?

2.9.1998
சர்தார் பாஷாவை நிறுத்திவிட்டார்கள். உளி, அரம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு என் பக்கமாகத்தான் போனார். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

11.3.1999
செக்கப். எட்டு கிலோ குறைந்திருக்கிறேன். யூரிக் ஆசிட் கம்மியாகிவிட்டது, விரல் வலித்து ஆறு மாசமாகிறது. மொபெட் மூலையில் தூசி தின்கிறது. தினம் எவ்வளவு நடக்கிறீங்க என்று டாக்டர் கேட்டார். போக வர பத்து கிலோமீட்டர் என்றேன்.

"கம்பெனி மூணுதானே?" என்றாள் பெர்சிஸ்.

சுத்திப் போறேன், காலுக்கு நல்லதுதானே என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த அக்கறை முன்னாடியே வந்திருக்கலாம் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நேர் வழியில் ரயில்வே கேட் தாண்டினதும் சர்தார் பாஷா வீடு. வேறு எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. காலையும் சாயங்காலமும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.