ஜெப வாரத்தில் நான் செய்த பிரசங்கம்

ஜனவரி 2, வெள்ளி

நான் ஓட்டும் பஸ்ஸின் பிரேக் இன்றும் முனகியது. அதைவிட நான் அதிகம் முனகினேன். திங்கள் முதல் ஜெப வாரம். புதன் விடியல் ஆராதனைக்குப் பிரசங்கம் நான்தான் என்று போதகர் சொல்லிவிட்டார். தலைப்பு விசுவாசம். பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு தடவை குப்புற விழுந்தவனுக்கு இதெல்லாம் தேவையா? நல்லவேளை, ஃபிஜியில் மதங்களும் தத்துவமும் படிக்கிற மகள் லெசியேலி லீவுக்கு டோங்கா வந்திருக்கிறாள்.

ஜனவரி 4, ஞாயிறு

தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலையையும் கிழங்கையும் தின்றுவிட்டு எல்லோரும் பாயில் சாய்ந்த பிறகு விசுவாசம் என்றால் என்ன என்று லெசியேலியிடம் கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டாள். யோசித்து யோசித்தே கடவுளின் வாசல்வரை போகலாம் என்று ஒரு கூட்டம்; முதலில் நம்பு, புரிவது பிறகு என்று இன்னொரு கூட்டம். அவளோடு அறையில் தங்கியிருக்கும் இந்துப் பெண் பிரேமிளா பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றுவாளாம். நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பாளாம். ஏற்றுவதுதான் அவள் பதில். தொழுகைக்கு உயிர் நெஞ்சில் இருக்கும் எண்ணம் என்பாராம் அங்கே ஒரு முஸ்லிம் வாத்தியார். தூங்கிப்போய் இறங்கும் இடத்தைத் தவறவிட்ட பயணிபோல் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, ஒரு வருஷமா என்னால ஜெபம் பண்ண முடியல. வார்த்தையே வரமாட்டேங்குது. ஆனா தினமும் உட்கார்றேன். எழுந்து போக மனசு வரல. அதுவும் விசுவாசம்தானோன்னு தோணுது. உங்களுக்கு எப்பவாவது அப்படி இருந்திருக்கா?"

இருந்திருக்கிறது. ஆனால் சொன்னது வேறு: "வயிறு நெறஞ்சா எனக்கும் ஜெபம் வராதும்மா."

அப்பன் தலையைப் பிள்ளைகள் தொடக்கூடாத ஊர் இது. அப்பனிடம் மனசைத் திறப்பது அதைவிடப் பெரிய காரியம். அதற்கு நான் கொடுத்த மரியாதை ஒரு ஏப்பம்.

ஜனவரி 6, செவ்வாய்

பிரசங்கம் வைக்கோல் மாதிரி இருக்கிறது. சிரிக்க ஏதாவது வேண்டும்.

ஜனவரி 7, புதன்

எங்கள் ஊர் மரியாதைப்படி இடுப்பைச் சுற்றி நல்ல பாயைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையே கொட்டாவி விட்டது. எனக்கு வியர்த்தது. அப்போது வாய் தானாகப் போனது — தானாகவா? நான்தானே பேசினேன்.

"நம்ம வீட்டுல ஒரு வெளியூர்ப் படிப்பு இருக்கு. ஜெபம் பண்ணுன்னா வாயத் திறக்காது. அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருக்கும். முட்டை எப்பப் பொரியும்னு ஆண்டவருக்கே தெரியாது."

சபை குலுங்கிச் சிரித்தது. "மாலியே! மாலியே!" என்று நாலா பக்கமும் பாராட்டு. அந்தக் குரல் காதில் விழுந்தால் நான் நானாக இருப்பதில்லை. இன்னும் இரண்டு கோழி சொன்னேன். எல்லோரும் பாடகர் வரிசைப் பக்கம் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அங்கே நின்ற லெசியேலியும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்க்க வேண்டாம்.

வீட்டில் கோபமா என்று கேட்டேன். "இல்லப்பா, நல்லாப் பேசினீங்க" என்று தட்டை வைத்தாள். அவள் போன பிறகு கலேசிட்டா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அவ உங்ககிட்டச் சொன்னா. ஊர்கிட்டச் சொல்லல."

முப்பது வருஷமாக என் நகைச்சுவையைச் சகித்துக்கொண்ட மனைவி. இன்று ஒரு திட்டுகூட இல்லை.

ஜனவரி 8, வியாழன்

கடையில் ஒருவன் லெசியேலியைப் பார்த்துக் கோழி மாதிரி கொக்கரித்தானாம்.

ஜனவரி 13, செவ்வாய்

மன்னிப்புக் கேட்கப் போனேன். வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அவளும் வானிலை பற்றி மிக மரியாதையாகப் பேசினாள்.

ஜனவரி 24, சனி

விமான நிலையம். மாலை போட்டுவிட்டு ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு ஒண்ணு கேட்டியேம்மா... எனக்கும் அப்படி இருந்திருக்கு. உங்க தாத்தா செத்த வருஷம் பூரா."

"என்ன கேட்டேன்? ஞாபகம் இல்லையேப்பா" என்றாள். கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணில் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

போதகர் சாப்பிட வந்திருந்தபோது லெசியேலியிடமிருந்து போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். எப்படி இருக்கிறாய், ஜெபமெல்லாம்... என்று இழுத்தேன்.

"தினமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன்பா. எல்லாருக்காகவும்."

போதகர் திருப்தியாகத் தலையாட்டினார். டோங்காவில் எந்த அப்பனும் கேட்க ஏங்குகிற பதில்தான். சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு போனைக் கலேசிட்டாவிடம் கொடுத்தேன். அவள் ஒலிபெருக்கியை அணைத்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள். இங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை.