கோவிந்தம்மா மறித்த கடை

1931 ஆகஸ்ட் 10

அச்சாபீசில் இன்று எழுத்துக் கோக்கக் கை ஓடவில்லை. காலையில் அம்மாவும் தங்கை கோவிந்தம்மாவும் குப்பத்துப் பெண்களோடு போய்க் கள்ளுக்கடை வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். உள்ளே நுழைகிறவன் தலையில் மீன் கழுவிய தண்ணீர். கட்சிக் காரியதரிசி சேஷாத்ரி மாட வீதியிலிருந்து ஓடி வந்தார்.

"இது அஹிம்சை இல்லேம்மா. நமஸ்காரம் பண்ணி, குடிக்காதேள்னு கேட்டுக்கணும்."

"நாங்க இன்னா அட்ச்சோமா சாமி? குளிப்பாட்டிக்கினு கீறோம்" என்றாள் கோவிந்தம்மா. குடிக்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 2

கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. உடனே இது கட்சியின் மறியல் ஆகிவிட்டது. நோட்டீசை நானே கோத்தேன். குப்பத்துப் பெண்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கோபம் மட்டும் வேண்டும், எங்கள் நாற்றம் வேண்டாம்!

1932 ஜனவரி 20

மறியலுக்குத் தடை. பெண்கள் எழவில்லை. கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் ரத்தினவேலு ஆள் அனுப்பிப் போலீசைக் கூட்டிவந்தார். தடியடி. கோவிந்தம்மாவை ரத்தம் வழியும் தலையோடு வண்டியில் ஏற்றினார்கள். ஆறு மாதம், வேலூர் ஜெயில்.

ஏப்ரல் 3

ஜெயிலில் ஜுரம். கோவிந்தம்மா செத்துப்போனாள். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

1936 நவம்பர் 17

ரத்தினவேலு கதர் கட்டிக்கொண்டார். கட்சியின் வேட்பாளர் அவர்தான்! அம்மா மேடையேறி அவருக்கு மாலை போட வேண்டுமாம்.

"யார் போலீசைக் கூட்டிவந்தது? மறந்துட்டீங்களா?" என்று கத்தினேன்.

"மறக்கலைடா கோபால். ஜெயிக்க வேண்டாமா? மதுவிலக்குத் தீர்மானத்துல கையெழுத்தே போட்டுட்டார். உங்க கோரிக்கைதானே அது?" என்றார் சேஷாத்ரி.

ஆமாம், எங்களுடையதுதான்.

இரவு அம்மாவின் காலைப் பிடித்தேன். போகாதே என்றேன்.

"கடைய மூட்றேன்னு அவன் வாயாலேயே சொல்ட்டான்டா. அவ அதுக்குத்தானே போனா?"



1937 பிப்ரவரி 23

கட்சியின் மஞ்சள் ஓட்டுப்பெட்டி ஜெயித்தது. ரத்தினவேலுவும் ஜெயித்தார். சொத்துவரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும் ஓட்டு. அடிபட்ட பெண்களில் ஒருத்திக்கும் இல்லை. அம்மா மாலை போட்ட கூட்டத்துக்கு நான் போகவில்லை.

அக்டோபர் 2

மதுவிலக்கு வந்துவிட்டது - சேலத்தில். இங்கே பட்டணத்தில் பிறகு பார்க்கலாமாம். குப்பத்துக் கள்ளுக்கடைக்குப் புதுக் குத்தகை எடுத்தவன் ரத்தினவேலுவின் மைத்துனன். அம்மா அவர் வீட்டுக்குக் கேட்கப் போனாள். "காப்பி குட்த்தாரு" என்றாள் திரும்பி வந்து. கடை திறந்தே இருக்கிறது.

அக்டோபர் 4

சாயங்காலம் கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். தனியாகத்தான். அன்று மறித்த பெண்களைக் கூப்பிட்டேன், கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சேஷாத்ரி வந்தார். இம்முறை போலீஸ்காரன் அவருக்குப் பின்னால் நின்றான். "நம்ம ராஜ்யம் வந்துடுத்துடா. இனிமே யாரை எதிர்த்து மறியல்? எழுந்துரு."

நான் எழவில்லை. போலீஸ்காரன் தடியைக் கை மாற்றிப் பிடித்தான்.

அப்போது அம்மா வந்தாள். சேஷாத்ரியைப் பார்க்கவே இல்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திர்டா. ஒர்த்திய குட்த்துட்டேன். ஒன்னையும் குடுக்க என்னால ஆவாது."

எழுந்து அவள் பின்னால் வந்துவிட்டேன்.