முற்றும் போட்ட பிறகு ஓடிய படம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நாங்கள் அனைவரும் நலம். தொண்டைப் புண் ஆறிவிட்டது, இனி எப்போதாவது வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் அனுப்பிய செய்தி வந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு இறங்கியது. வெறும் பாலைக் குடித்துக்கொண்டு பொழுதை ஓட்டாதீர்கள். மெல்ல மெல்ல எல்லாம் சாப்பிடலாம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே.

தங்கச்சியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கொண்டுவந்த பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை. தேவைக்கு ஒரு துணியை உருவிக்கொண்டு மறுபடி பூட்டிவிடுகிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தீர்களாமே, “குரல் போனவன் வீட்டில் உனக்கு என்ன வேலை, அண்ணன் வீட்டிலேயே இருந்துகொள்” என்று. அதை என்னிடம் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. யாருக்கோ விலாசம் சொல்வது போலச் சொன்னாள். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

அது கிடக்கட்டும், முக்கியமான சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் குதிரைப் படத்தைப் பார்த்தோம். சாட்சாத் அதே படம்தான். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் மைக்கில் வண்டிகளைக் கூவிக்கொண்டும், நான் பக்கத்து அறையில் டைம் கீப்பராகக் குப்பை கொட்டிக்கொண்டும் இருந்த காலத்தில், டூட்டி முடிந்த கையோடு எதிர்த் தியேட்டருக்கு ஓடுவோமே, அதுதான். தங்கச்சியையும் ஒருமுறை கூட்டிப்போனோம். அவள் காதருகே குனிந்து நீங்கள் கதை சொன்ன அழகைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது.

என் மகள் எங்கிருந்தோ தேடிப்பிடித்து டிவியில் போட்டாள். கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. அந்த நாளில் இங்கிலீஷ் வசனம் நம் யாருக்கும் புரியாது, நீங்கள் சொன்னதுதான் கதை. இப்போது பார்த்தால் வாய் கூசாமல் புளுகியிருக்கிறீர்கள். கதாநாயகியான அந்த விடுதிக்காரியின் அப்பா என்றீர்களே ஒரு தாடிக்காரரை, அவர் குதிரைக்கு லாடம் அடிக்கிறவராம். தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன்.

ஆனால் மாப்பிள்ளை, என்ன படம் அது! அந்த வெட்டவெளியும் அதில் தனியாக வரும் குதிரையும் அன்றைக்குப் பார்த்தது போலவே இன்றைக்கும் கண்ணை எடுக்க விடவில்லை. கதாநாயகனின் துப்பாக்கிக்குத்தான் நாம் விசில் அடித்தோம். இப்போது எனக்குத் துப்பாக்கியே கண்ணில் படவில்லை. விடுதிக்குள் நுழையும்போது உட்காரச் சொல்வார்களா, மாட்டார்களா என்று தெரியாமல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அந்த நிற்பிலேயே அவன் எத்தனை வாசல்களில் விரட்டப்பட்டவன் என்று தெரிந்துவிடுகிறது. அந்த நடிகர் முகத்தில் ஒரு சதையைக்கூட அசைக்கவில்லை. எப்படிச் செய்தார் என்று யோசித்து யோசித்து மறுநாள் பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். நான் பசியோடு நிற்பதாகத்தான் தெரிந்தது.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். முற்றும் என்று போட்ட பிறகும் நம் தியேட்டரில் படம் ஓடும், நினைவிருக்கிறதா? எழுந்தவர்களெல்லாம் மறுபடி உட்காருவோம். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தீர்கள். “வெளிநாட்டுக்காரன் அப்படித்தான்யா எடுப்பான். கதை முடிஞ்சுது, வாழ்க்கை முடியலைன்னு அர்த்தம்” என்றீர்கள். டீக்கடை வரைக்கும் அதை எல்லோரும் சொல்லிச் சொல்லி வியந்தோம். மாப்பிள்ளை, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கடைசி இரண்டு ரீலையும் நம் ஆபரேட்டர் முன்னுக்குப்பின் மாற்றி ஓட்டியிருக்கிறார். டப்பாவில் நம்பர் மாறியிருக்க வேண்டும். அத்தனை நாளும், அத்தனை காட்சியும் அப்படியே ஓடியிருக்கிறது. தட்டிக் கேட்க ஓர் ஆள் இல்லை, உங்கள் விளக்கம் அவ்வளவு பிரமாதம்.

அவன் குதிரையில் போய்ப் போய்ப் புள்ளியாக மறைவதுதான் முடிவு என்று நினைத்திருந்தோம். அது முடிவே இல்லை. அவன் திரும்பி வருகிறான். முற்றும் போடுவதற்கு முன்னால் வரும் இழுவை என்று நாம் கொட்டாவி விட்டோமே, விடுதிக்காரியே பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சி, அதுதான் கடைசி.

அதை எப்படி எழுதுவேன்? அவள் துணி பிழிந்துகொண்டிருக்கிறாள். வாசலில் அவன் நிற்கிறான். அவள் ஓடவில்லை, அழவில்லை. தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் அந்தத் துணியைப் பிழிந்துகொண்டே இருக்கிறாள். பிறகு உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். கூரை ஒழுகியது, கோழி காணாமல் போனது, குதிரைக்குட்டி செத்தது என்று அவள்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குட்டி செத்தது என்றதும் ஸ்பூன் பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். காது கொடுத்துக் கேட்பதை ஒருவர் நடிக்க முடியும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். அவள் குரலோ, முதலில் கணக்கு ஒப்பிப்பது போல இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் சிரித்தேவிடுகிறாள். அந்த இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

முற்றும் என்று போட்டார்கள். அதன் பிறகு நிஜமாகவே ஒன்றும் ஓடவில்லை. தங்கச்சி மடியில் உரித்த பட்டாணி அப்படியே இருந்தது. “பாத்தியாண்ணா, இவ பேசறதைக் கேக்கறதுக்குன்னே ஒருத்தன் அவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கான். இவர் என்னடான்னா, தன்னால பேச முடியலைன்னு என்னை அனுப்பி வச்சுட்டாரு” என்றாள். பிறகுதான் அழுதாள். இங்கே வந்ததிலிருந்து அதுதான் முதல் அழுகை.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்க வேண்டாமா என்று என் மகள் கேட்டாள். கேட்டால் மறுபடி ஒரு சீட்டு எழுதுவீர்கள்.

மாப்பிள்ளை, உங்கள் குரல் எனக்கும்தான் வேண்டும். அந்தக் குரலைக் கேட்டு ஊரே வண்டி ஏறியது. ஆனால் ஒன்று யோசியுங்கள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் நீங்கள்தான் பேசினீர்கள், அவள் கேட்டாள். சொல்லாமல் வைத்திருப்பது அவளிடம் எவ்வளவோ இருக்கும். யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

உடம்பு தேறி, நூறு வயது இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று மூத்தவனாக வாழ்த்துகிறேன். மாப்பிள்ளைக்கு உரிய மரியாதை இதோடு போதும். இனிச் சொல்வது பக்கத்து அறைக்காரன்: மணி அடித்தால் கதவைத் திறடா. திறந்துவிட்டுப் பேசாமல் நில், போதும்.

உன்,
மச்சான்