மாதிரி வீட்டின் பதில்

அனுப்புநர்:
கதவு எண் 41-இல் குடியிருப்பவரின் மகள்,
(பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்)
ஓடுபாதை கிழக்குத் தெரு.

பெறுநர்:
நிலப் பயன்பாட்டு ஆணையர் அவர்கள்,
விமான நிலைய நகர் வளர்ச்சிக் குழுமம்.

பொருள்: ஓடுபாதை கிழக்குத் தெருவின் நாற்பத்தொரு வீடுகள் ஒலிப் பகுதியில் சேர்க்கப்படாதது - அதற்குக் காரணமான மாதிரி வீட்டுப் பதிவை நீக்கி, கருவி வைத்து மறுபடி அளக்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை, தங்கள் கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் பதிவு செய்கிறேன். என் அப்பாவுக்குக் காது கேட்காது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு அன்று ஏறக்குறைய பத்து நிமிடம் அவகாசம் இருந்தது. நான் சமையலறை வாசலில் தட்டோடு நின்றேன். சொல்லவில்லை.

2. அப்பா விமான நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். தரையிறங்கி வரும் விமானத்தின் முன்னால் நின்று, இரண்டு கைகளிலும் மட்டைகளைப் பிடித்து, எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று விமானிக்குக் காட்டும் வேலை. உடன் வேலை செய்பவர்கள் அவரை ‘மட்டையண்ணன்’ என்று அழைப்பார்கள். புதிதாகச் சேர்பவர்கள் அவர் குடிப்பவர் என்று நினைத்துக்கொண்டு முதல் வாரம் தள்ளியே நிற்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். டீயைத் தவிர வேறு எதையும் அவர் குடித்து நாங்கள் பார்த்ததில்லை.

3. அவருடைய செவித்திறன் எட்டு ஆண்டுகளுக்கு முன் குறையத் தொடங்கியது. கடந்த ஆறு ஆண்டுகளாக ஏறக்குறைய எதுவுமே கேட்பதில்லை. வேலையிடத்தில் இது எப்படி வெளியே தெரியாமல் போனது என்று தாங்கள் கேட்கலாம். அங்கே எல்லோரும் காதுக்கவசம் அணிந்திருப்பார்கள். எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். கேட்கிறவர், கேட்காதவர் என்ற வேறுபாடே இல்லாத இடம் அது. “எங்க வேலையே கண்ணால கேக்குறதுதாம்மா” என்பார். அவரை ஊனமுற்றவராக உணரச் செய்யாத ஒரே இடம், அவருடைய செவியை வாங்கிக்கொண்ட இடம்தான்.

4. ஆண்டுக்கொரு முறை நிர்வாகத்தின் மருத்துவ அறையில் செவிச் சோதனை நடக்கும். கண்ணாடி ஜன்னல் வைத்த சிறு கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். வெளியிலிருந்து பரிசோதகர் ஒலியை அனுப்புவார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பரிசோதகர் பொத்தானை அழுத்தும்போது அவருடைய வலது தோள் லேசாக இறங்கும். அப்பா அந்தத் தோளைப் பார்த்துக் கையைத் தூக்குவார். எல்லாவற்றுக்கும் தூக்கினால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே இரண்டை விட்டுவிடுவார். அப்படி ஆறு முறை தேறியிருக்கிறார். ‘செவித்திறன் இயல்பானது’ என்ற ஆறு சான்றிதழ்களும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

5. வீட்டில் நாங்கள் மூவரும் இதைச் சேர்ந்தே மறைத்தோம். சாப்பிடக் கூப்பிட அம்மா சமையலறை விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றுவார். பேசுவதற்கு முன் தோளைத் தொடுவோம். போதும் என்பதற்கு, விமானத்தை நிறுத்துவதுபோல் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகப் பிடிப்போம். தம் குரலின் அளவு தெரியாததால் அப்பா எப்போதும் சத்தமாகவே பேசுவார். பக்கத்து வீட்டு டியூஷன் அக்கா, “உங்கப்பா ‘தண்ணி குடு’ன்னா எங்க வீட்டுப் பிள்ளைங்க எடுத்துட்டு ஓடி வருதுங்கடி” என்று கேலி செய்வார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். ஓய்வு பெறும்வரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு திட்டம் இருந்ததில்லை.

6. அன்றைய நாளுக்கு வருகிறேன். தங்கள் கணக்கெடுப்பாளர் மரியாதையானவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தெருவுக்கு ஒரு வீட்டை மாதிரி வீடாகத் தேர்ந்தெடுப்பதாகவும், கடைசி வீடு என்பதாலும் குடும்பத் தலைவர் விமான நிலையப் பணியாளர் என்பதாலும் எங்கள் வீடு பொருத்தமானது என்றும் சொன்னார். அவர் கேட்டது இது: “விமானச் சத்தம் உங்களுக்கு எவ்வளவு தொந்தரவா இருக்குன்னு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க ஐயா.” அப்பா அவருடைய உதடுகளைப் பார்த்துக் கேள்வியைச் சரியாகவே புரிந்துகொண்டார். “ஒண்ணு போட்டுக்கோங்க தம்பி. வீட்டுக்கு வந்துட்டா அவ்வளவு அமைதியா இருக்கு” என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு விமானம் எங்கள் மாடிக்கு மேலே ஏறியது. என் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் நடுங்கின. கணக்கெடுப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நல்லாப் பழகிட்டீங்க போல.” அப்பாவும் சிரித்தார்.

7. அப்பா பொய் சொல்லவில்லை. தமக்குக் கேட்டதைச் சொன்னார். உண்மை தெரிந்து பேசாமல் இருந்தது நான். இது ஏதோ வீட்டு விசாரணை, பதில் என்னவாக இருந்தாலும் ஒரு தாளில் போய் உறங்கிவிடும், இதற்காக அவருடைய வேலையைப் பணயம் வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிழைகளைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கண் முன்னே எழுதப்பட்ட ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டேன்.

8. அதன் பின் நடந்தது தங்களுக்குத் தெரியும். விமான நிலைய நகரின் திட்ட மாதிரியைப் பொது அரங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தீர்கள். சரக்கு முனையங்கள், விடுதிகள், அலுவலகக் கோபுரங்கள், மாநாட்டுக் கூடம், விரல் நகம் அளவுக்குப் பிளாஸ்டிக் மரங்கள் எல்லாம் இருந்தன. நகரம் என்றால் மனிதர்கள் குடியிருக்கும் இடம் என்றே நான் படித்த புத்தகங்களில் இருந்தது. இந்த நகரத்தில் ஒரு பகல் தங்குபவர்களுக்கு மூவாயிரம் அறைகள் இருந்தன. குடியிருப்பவர்களுக்கு ஒரு வீடும் இல்லை. எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்பச்சை வண்ணம் பூசியிருந்தது. டியூஷன் அக்கா தம் மகளைத் தூக்கிக் காட்டி, “பாரு, நம்ம வீடு பூங்காவா ஆயிடுச்சு” என்றார்.

9. சத்தத்தால் இடையூறு உள்ள குடியிருப்புக்கு அரைக் கிலோமீட்டருக்குள் இன்ஜின் சோதனைத் தளம் அமைக்கக் கூடாது என்பது தங்கள் விதி. இடையூறு இல்லாத குடியிருப்புக்கு அந்த விதி பொருந்தாது. எங்கள் தெருவின் கடைசி வீட்டிலிருந்து நூற்றெண்பது மீட்டரில் சோதனைத் தளம் வந்துவிட்டது. பழுது பார்த்த இன்ஜின்களை அங்கே முழு வேகத்தில் ஓட விடுகிறார்கள். விமானம் என்றால் கடந்து போய்விடும். இது போவதில்லை. நாளுக்கு ஐந்து மணி நேரம், சில நாட்களில் ஏழு மணி நேரம் அதே இடத்தில் நின்று ஓடுகிறது. இப்படிப் பதினோரு மாதங்கள் ஆகின்றன.

10. தெருவில் உள்ளவர்கள் கையெழுத்திட்டு மூன்று முறை மனுக் கொடுத்தோம். மூன்றுக்கும் ஒரே பதில்: ‘தங்கள் தெரு அமைதிப் பகுதியில் அமைந்துள்ளதால் ஒலி குறித்த புகாருக்கு இடமில்லை.’ இணையதளத்தில் புகார் பதியப் போனால் தெருக்களின் பட்டியலில் எங்கள் தெரு வரவில்லை. பக்கத்துத் தெருவின் பெயரில் பதிந்தோம். அது ஒலிப் பகுதி என்று அங்கிருந்தவர்கள் ஏற்கெனவே மாற்று வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டுவிட்டதால், புகார்தாரர் இல்லை என்று முடித்துவிட்டீர்கள்.

11. டியூஷன் அக்காவின் முன்னறையில் இருபத்திரண்டு பிள்ளைகள் படித்தார்கள். முதலில் கத்திச் சொல்லிக் கொடுத்தார். பிறகு பலகையில் எழுதிக் காட்டினார். இப்போது நான்கு பேர் வருகிறார்கள். அவர்களும் தெருப் பிள்ளைகள் என்பதால்தான் வருகிறார்கள். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. தெருவில் அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர். வாசலில் யார் போனாலும் நிறுத்தி, என்ன வாங்கினீர்கள், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

12. கடந்த டிசம்பரில் ஒரு மதியம், சோதனைத் தளம் ஓடாத நேரம், அவள் எங்கள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்டேன். தோளைத் தொட்டதும் திரும்பினாள். திரும்பியவள் என் கண்களைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். ஐயா, அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளாக அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

13. அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “அவளுக்குக் கொழுப்புடி. கூப்பிட்டா வேணும்னே திரும்ப மாட்டா” என்றார். நான் வற்புறுத்தியதால் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு செவிகளிலும் திறன் குறைந்திருக்கிறது, இழந்தது திரும்பாது, இதே இடத்தில் இருந்தால் இன்னும் குறையும் என்றார் மருத்துவர். வேறு வீட்டுக்குப் போக அக்காவுக்கு வழியில்லை. தளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீட்டை வாங்க ஆளும் இல்லை.

14. அதன் பிறகுதான் தங்கள் திட்ட அறிக்கையை முழுவதும் படித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். நூற்று எண்பத்தேழாம் பக்கத்து அட்டவணையில் எங்கள் தெருவுக்கு நேரே இப்படி இருந்தது: ‘இடையூறு அளவு: 1. தகவல் அளித்தவர் செவித்திறன் சான்று பெற்ற விமான நிலையப் பணியாளர். நம்பகத்தன்மை: உயர்வு. கருவி அளவீடு தேவையில்லை.’ நாற்பத்தொரு வீடுகளை ஒலிப் பகுதிக்கு வெளியே தள்ளிய கோட்டுக்கு ஆதாரம் அப்பாவின் ஒரு பதில். அந்தப் பதிலுக்கு ஆதாரம் பரிசோதகரின் தோள். அதற்கும் கீழே இருந்தது என் மௌனம்.

15. இதை அக்காவிடம் நேரில் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். “அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து வாரங்கள் ஆகின்றன. அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வாயாடியையும் அனுப்புவதில்லை.

16. அப்பாவுக்கு இதைப் பேசிப் புரியவைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அந்தப் பிள்ளைக்கா?” என்று கேட்டார். வழக்கம்போலச் சத்தமாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அதன் பின், “மனுவை எழுது. என் விஷயத்தையும் போட்டே எழுது” என்றார்.

17. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

(அ) திட்ட அறிக்கையில் எங்கள் தெருவுக்கு எதிரே உள்ள ‘1’ என்ற பதிவை நீக்க வேண்டும். காது கேட்காத ஒருவர் சத்தத்தைப் பற்றிச் சொன்ன பதில் அது.

(ஆ) சோதனைத் தளம் ஓடும் நேரத்தில், எங்கள் தெருவில் எந்த வீட்டிலாவது கருவி வைத்து அளக்க வேண்டும். தாங்களே நேரில் வந்து, டியூஷன் அக்காவின் முன்னறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கருவி தேவைப்படாது என்றும் தாழ்மையுடன் தெரிவிக்கிறேன்.

(இ) அளவீடு முடியும்வரை தளத்தின் இயக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தையிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்து முடிவெடுக்க அவளிடம் அவ்வளவு மீதமில்லை.

(ஈ) உண்மையை மறைத்த குற்றத்தை என்மேல் பதிவு செய்ய வேண்டும். அப்பாவுக்கு இன்னும் பதினாறு மாதப் பணி இருக்கிறது. விமானத்தின் முன்னால் அவர் ஒருமுறைகூடத் தவறான சைகை காட்டியதில்லை. அதற்கு நிலையத்தின் பதிவேடுகளே சாட்சி.

அப்பாவின் செவித்திறன் குறித்த புதிய சான்று கிடைத்ததும் இத்துடன் இணைத்தே அனுப்புவேன். எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று மட்டும் எழுதி முடிக்க என்னால் இயலவில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது. என் பங்கை ஒப்புக்கொண்டுவிட்டேன். தங்கள் பங்கைத் திருத்தித் தர வேண்டுகிறேன்.

நாள்: மார்ச் 7
இடம்: ஓடுபாதை கிழக்குத் தெரு

இப்படிக்கு,
(கையொப்பம்)
கதவு எண் 41-இன் மகள்

இணைப்புகள்:
1. திட்ட அறிக்கை, பக்கம் 187 - நகல்
2. குழந்தையின் மருத்துவ அறிக்கை - நகல் (தாயின் எழுத்துச் சம்மதம் எங்கள் கதவுக்கடியில் செருகி அனுப்பப்பட்டது)
3. செவிச் சோதனை அறிக்கை, மார்ச் 10

மூன்றாம் இணைப்பு குறித்த விளக்கம்:
மார்ச் பத்தாம் தேதி, முறை வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, அப்பா தாமாக மருத்துவ அறைக்குச் சென்று சோதனை செய்யக் கேட்டார். நானும் உடன் சென்றேன். கூண்டுக்குள் இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இருபது நிமிடங்களில் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவருடைய நுழைவு அட்டையையும் மட்டைகளையும் வாங்கிக்கொண்டார்கள். பணிநீக்க உத்தரவில் ‘உண்மையை மறைத்தமை’ என்று காரணம் எழுதியிருக்கிறது. நாங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தோம். தெருமுனையை அடைந்தபோது சோதனைத் தளத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.