ஹால்ட் வண்டி

முள்ளம்பாறை எஸ்டேட்
12 ஜனவரி 2025

ஷைனா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கண்டக்டர் பாண்டியனிடம் என்னைப் பற்றி எதுவும் விசாரிக்காதீர்கள். கைகாட்டி ஸ்டாப்பில் ஒன்று சொன்னால் கூடலூர் ஸ்டாண்டில் அது மூன்றாகி இறங்கும். நானும் மகளும் சுகம். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

போனில் பேசினால் என்ன என்பீர்கள். இங்கே சிக்னல் கிடைப்பது ஃபாக்டரிக்கு மேலேயுள்ள பாறையில்தான். அங்கே நின்று பேசினால் பாதி எஸ்டேட் கேட்கும், மீதிப் பாதிக்கு அது போய்ச் சொல்லும். போதாததற்கு நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது. எழுத்தில் சண்டை போட நேரமாகும், அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் கமிட்டி ஆரம்பித்திருக்கிறோம். ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செல்லையா அண்ணன் தலைவர், நான் செயலாளர். பிள்ளைக் காப்பகத்தில் முப்பது குழந்தைகளை மேய்க்கிறவளுக்கு ஒரு கமிட்டி பெரிசில்லை என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பஸ் இன்னமும் கைகாட்டியோடு திரும்பிப் போகிறது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. ஷைனா டார்ச் எடுத்துக்கொண்டு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்தான் ஏழு பத்து வண்டியைப் பிடிக்க முடிகிறது. போன வாரம் வழியில் யானை நின்றது. பிள்ளைகள் கொழுந்து நிறுக்கிற ஷெட்டுக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு இவளுக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை. பெண்களுக்கு பஸ் இலவசம் என்கிறார்களே, வராத பஸ்ஸில் எத்தனை தடவை வேண்டுமானாலும் இலவசமாகப் போய்க்கொள்ளலாம்.

ஜூனில் அவள் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எஸ்டேட் வரைக்கும் பஸ் வராவிட்டால் ஹாஸ்டலில்தான் விட வேண்டும். ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறேன், மே முப்பத்தொன்று கடைசி நாள். நீங்கள் போனீர்கள், அவளும் போனால் இந்த வீட்டில் நானும் பல்லியும்தான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிப்போவில் யாருக்கு மனு எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும்? பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது. உதவி கேட்கவில்லை, விவரம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஜெஸிந்தா


கூடலூர்
15 ஜனவரி 2025

ஜெஸிக்கு,

பாண்டியனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே நீ இளைத்துவிட்டாய் என்றார். வேளைக்குச் சாப்பிடு.

விவரம் கேட்டாய், சொல்கிறேன். ‘பஸ் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அந்தக் காகிதம் மேஜையிலேயே கிடக்கும். விடியற்காலையில் காலி வண்டியை எந்த டிப்போவும் மலைக்கு அனுப்பாது, டீசல் கணக்கு இடிக்கும். ஹால்ட் வண்டி கேளுங்கள். சாயங்காலம் ஆள்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்து ராத்திரி அங்கேயே நிற்கும், காலையில் அங்கிருந்தே புறப்படும். போக வர இரண்டு பக்கமும் கூட்டம் இருக்கும் என்று எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எத்தனை, எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு ட்ரையல் பார்ப்பார்கள். ரோடு தாங்கும் என்று டிரைவரும் இன்ஜினியரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஊருக்கு விடிய ஒரு வண்டி இருந்திருந்தால் நான் இங்கே ரூம் எடுத்திருக்கவே மாட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு, ‘எஸ்டேட்டையே கட்டிக்கிட்டு இரு’ என்று நான் சொல்லியிருக்கவும் மாட்டேன். ‘அப்ப ரூம்லயே இருந்துக்கங்க’ என்று நீ சொன்னதையும் இங்கே எழுதத்தான் வேண்டும், இல்லையென்றால் கணக்கு ஒருபக்கமாகிவிடும்.

ஞானசீலன்


முள்ளம்பாறை
23 பிப்ரவரி 2025

ஞானசீலன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதினோம். ட்ரையல் வந்தது. ஓட்டி வந்ததும் நீங்கள்தான். வெள்ளிக்கிழமை நடந்ததை உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான், ஆனால் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எஸ்டேட்டுக்குள் முதல் முதலாக பஸ் வருகிறது. சனம் சும்மா நிற்குமா? மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு எல்லாரும் ஏறிவிட்டார்கள். ட்ரையல் வண்டியில் ஆள் ஏறக்கூடாது என்று நீங்களும் இன்ஜினியரும் சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான்தான், ‘நம்மூட்டு டிரைவருதானுங்க, ஏறுங்க’ என்றேன். எழுபது பேர். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நாவல்மர வளைவில் வண்டியை மூன்று தடவை பின்னால் எடுத்தீர்கள். மூன்றாவது தடவை ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. நிறுத்தினீர்கள். கீழே இறங்கிக் குனிந்து பார்த்தீர்கள். அத்தனை பேரையும் இறக்கிவிட்டு, ‘வழித்தடம் தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்தீர்கள். மாலை போட்டவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினியர்கூட இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். நீங்கள்தான் மாட்டேன் என்றீர்கள். அடுத்தவள் புருஷனாவது கையெழுத்துப் போட்டிருப்பான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து வருகிறவருக்கு என்று மத்திக் குழம்பு வைத்திருந்தேன். வண்டியை டிப்போவில் விட வேண்டும் என்று வீட்டுப் படிகூட ஏறவில்லை. குழம்பை நானும் ஷைனாவும் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

ஹாஸ்டல் ஃபாரத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஜெஸிந்தா


கூடலூர்
26 பிப்ரவரி 2025

ஜெஸி,

நீ ஏசியதில் பாதி நியாயம். மீதிக்குப் பதில் சொல்கிறேன், கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நீங்கள் ஏறாமல் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதுதான் உண்மை. காலி வண்டி அந்த வளைவில் ஒரு தடவை பின்னால் எடுத்ததும் திரும்பியிருக்கும். எனக்கும் உன் முகத்தைப் பார்த்து, சரி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எழுபது பேர் பாரத்தில் பின்பக்கம் அழுந்தியது. முன்னே மண்மேடு முட்டுகிறது, பின்னால் எடுத்தால் வண்டியின் வால் பள்ளத்துக்கு மேலே தொங்குகிறது. நீ கேட்ட சத்தம் ரோட்டோரம் பொடிந்து விழுந்த சத்தம். குனிந்து பார்த்தேன், டயருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வண்டிக்குள்ளே உங்கள் கமிட்டிக் கருப்பம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜன்னலில் ஷைனா இருந்தாள்.

ஜூலை மழையில் அந்த ஓரம் என்ன ஆகும்? அன்றைக்கு ஓட்டுகிறவன் நானாக இல்லாமல் புதிதாக வந்த ஒருவனாக இருந்தால்?

தெரியாமல் செய்தாலும் நீ செய்தது நல்ல காரியம். உன்னால்தான் எனக்குத் தெரிந்தது. டிப்போவில் இன்ஜினை அணைத்தபிறகும் வெகு நேரம் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நிலையில் வீட்டுக்கு வந்திருந்தால் உன் முன்னால் அழுதிருப்பேன், அதனால்தான் வரவில்லை. மத்திக் குழம்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஞானம்


கூடலூர்
18 மார்ச் 2025

ஜெஸி,

மூன்று வாரமாகப் பாண்டியன் வெறுங்கையோடு வருகிறார். எனக்குப் பாவம் பார்த்து அவரே டீ வாங்கித் தருகிறார்.

வண்டியின் நீளம் முப்பத்தாறு அடி, அகலம் எட்டு அடி. வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் இது கமிட்டிக்கு உதவும். சின்ன வண்டி கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள், எங்கள் டிப்போவில் இல்லை. வளைவைத்தான் அகலமாக்க வேண்டும்.

ஃபாரத்தை அனுப்பிவிட்டாயா?

ஞானம்


முள்ளம்பாறை
21 ஏப்ரல் 2025

ஷைனா அப்பாவுக்கு,

நேற்று ஈஸ்டர் பூசை நன்றாக நடந்தது. கோபத்தில் இருக்கிறவளுக்கு எழுத்து ஓடாது, அதனால்தான் இத்தனை நாள். ஃபாரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

உங்கள் அளவை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் தெரியுமா? மூங்கில்களை நீளத்துக்குக் கட்டி, முப்பத்தாறுக்கு எட்டு அடியில் ஒரு சட்டம் செய்தோம். இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு நாவல்மர வளைவில் நடந்தோம். நான் டிரைவர் இடத்தில். செல்லையா அண்ணன் ரோட்டில் நின்று விசில் கொடுத்தார். மேட்டில் இடிக்கிற வரைக்கும் போய், சட்டம் வளையாமல் பின்னால் எடுத்தோம். இரண்டாவது தடவை எடுக்கும்போது பின்மூலையைப் பிடித்திருந்த கருப்பம்மா ரோட்டில் இல்லை. கீழே தேயிலைச் செடிக்குள் இடுப்பளவில் நின்றுகொண்டு, கம்பை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

‘நான் செத்தாச்சு ஜெஸி. இனி பஸ்ஸுக்குள்ள இருக்கவங்களப் பாரு’ என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது ஜன்னல் எது என்று எண்ணிப் பார்த்தேன். நீங்கள் செய்ததுதான் சரி. அத்தனை பேர் முன்னால் உங்களைக் குறை சொன்னவள், அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மேனேஜரை வளைவுக்குக் கூட்டிப்போனோம். மூங்கிலைக் கையில் கொடுத்து பின்மூலையில் நிறுத்தினோம். பாலிஷ் போட்ட ஷூவோடு அவரும் செடிக்குள் இறங்கினார். மேட்டுப்பக்கம் நாற்பத்தொரு தேயிலைச் செடியைப் பிடுங்கி இடம் விட்டுக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். கொழுந்து லாரியும் அங்கேதானே முட்டிக்கொண்டு நிற்கிறது, அவருக்கும் லாபம். பள்ளத்துப் பக்கம் கம்பி வலைக்குள் கல் அடுக்கிச் சுவர் கட்ட ரோட்டு இலாகா ஒத்துக்கொண்டது. மனுவில் இப்போது முதல் வரி சுவர், இரண்டாவது வரிதான் பஸ்.

வேலை நாளை ஆரம்பம். மே மாதத்துக்குள் முடிய வேண்டுமே என்று தினமும் காலண்டரைப் பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்களும் இளைத்துவிட்டீர்களாம்.

ஜெஸி


கூடலூர்
27 மே 2025

அன்புள்ள ஜெஸி,

வெள்ளிக்கிழமை ட்ரையலில் ஆள்களுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றச் சொன்னது நான்தான். சுமக்கிறவர்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. ஒரே ஒடிப்பில் திரும்பியதைப் பார்த்தாயா? பின்னால் எடுக்க வேலையே இல்லை. சுவரில் ஒரு கல் அசையவில்லை. மனசாரக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரிகள் முன்னால் உன்னிடம் பேச முடியவில்லை. கருப்பம்மா கையில் வந்த இஞ்சி டீ யார் போட்டது என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

உத்தரவு இன்றைக்கு வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் தேதி திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றே. முதல் நாள் சாயங்காலமே வண்டி மேலே வந்து நிற்கும், காலையில் ஆறே காலுக்கு எடுக்கும். மகளிடம் இனி டார்ச் வேண்டாம் என்று சொல்.

டிப்போவில் ஒரு காகிதம் கேட்கிறார்கள். ஹால்ட் வண்டியின் டிரைவரும் கண்டக்டரும் ராத்திரி எங்கே தங்குவார்கள் என்று ஊர்க் கமிட்டி எழுதித் தர வேண்டும். தண்ணீர், கக்கூஸ் வசதி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

கண்டக்டர் பாண்டியன்தான். டிரைவர் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒரு பெயர் என்னுடையது. உனக்குச் சங்கடம் என்றால் சொல்லிவிடு, யாருக்கும் தெரியாமல் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். நினைப்பேன். ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
ஞானம்


முள்ளம்பாறை
29 மே 2025

ஏனுங்க,

ஹாஸ்டல் ஃபாரத்தை ஷைனாவே கிழித்துவிட்டாள். அடுப்புப் பற்றவைக்க வைத்திருக்கிறேன்.

டிப்போ கேட்ட காகிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். அதை எழுத நேற்றுக் கமிட்டி கூடியது. இரண்டு பேருக்கும் காப்பகத்தை ஒட்டிய அறையைக் கொடுக்கலாம், இரண்டு கட்டில் போட இடமிருக்கிறது என்று செல்லையா அண்ணன் சொன்னார். ஒரு கட்டில் போதுங்க என்றேன். கருப்பம்மாதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

‘ஏம்மா, வேற டிரைவர் வந்துட்டா?’ என்று செல்லையா அண்ணன் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதானே, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் காகிதத்தில் டிரைவரின் பெயரையே எழுதிக் கேட்டுவிட்டோம். இந்த ரோட்டைச் சரியில்லை என்று எழுதினவர் ஓட்டினால்தான் பிள்ளைகளை நம்பி ஏற்றுவோம் என்று செல்லையா அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாபஸ் கீபஸ் என்று ஏதாவது செய்தீர்களோ, அத்தனை பேரும் டிப்போவுக்கு வந்து நிற்போம்.

தங்கும் இடம் என்ற கட்டத்தை மட்டும் யாரையும் கேட்காமல் நானே நிரப்பினேன். தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

கண்டக்டர்: பிள்ளைக் காப்பகத்தை ஒட்டிய அறை.
டிரைவர்: சொந்த வீடு.

ஜெஸி